மண்டையோட்டுக்கு அனுமதி உண்டு

செத்து நூறு வருஷத்துக்கு மேலான ஒரு குதிரைக்கு உடல்நலச் சான்று கேட்டு மாட்டு டாக்டரிடம் போன முதல் மனிதர் கெதினாகத்தான் இருக்க வேண்டும். மண்டையோட்டை ஒரு கம்பளியில் சுற்றி, ஜுரம் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

கெதின் பிரிட்டனின் வேல்ஸ் மலைப்பக்கத்தில் பென்ட்ரெகுவின் என்ற ஊரில் ஆடு வளர்ப்பவர். அந்தக் குதிரைக்கு மாரி என்று பெயர். தை மாதக் குளிரில் அதன் மண்டையோட்டை ஒரு கம்பில் செருகி, வெள்ளைத் துணி போர்த்தி, காதில் ரிப்பன் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோவது ஊர் வழக்கம். மாரி வருகிறாள் என்றால் வீட்டுக்காரர்கள் கதவைத் தாழ் போட்டுவிடுவார்கள். வெளியே நிற்கிற கூட்டம் உள்ளே விடச் சொல்லிப் பாட்டுப் பாடும். உள்ளே இருப்பவர்கள் முடியாது என்று பாட்டிலேயே திட்டுவார்கள். யாருக்கு முதலில் பாட்டு தீர்ந்துபோகிறதோ அவர்கள் தோற்றார்கள். உள்ளிருப்பவர்கள் தோற்றால் கதவைத் திறந்து, பீரும் கேக்கும் கொடுத்தாக வேண்டும்.

பாடுகிற வேலை மெய்ரிக்குடையது. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வாய் ஓயாதவர். கெதினின் வேலை துணிக்குள் குனிந்து நின்று, கயிற்றை இழுத்து, குதிரையின் தாடையை டக் டக்கென்று அடிப்பது. துணிக்குள் இருப்பவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. கெதினுக்கு அது ரொம்ப வசதி. வீட்டிலும் அவர் ஏறக்குறைய அப்படித்தான்.

முன்பெல்லாம் வருஷா வருஷம் மாரி கடல் தாண்டியும் போவாள். பிரான்ஸின் பிரெத்தோன் கரையில் ப்ளூகெர்வன் என்றொரு ஊர், பென்ட்ரெகுவினோடு சகோதர ஊர் ஒப்பந்தம் போட்டுக்கொண்ட ஊர். அப்படி ஒரு பயணத்தில் கூடப்போன கெதினின் மகள் லவ்ரி, அங்கே ஒரு ரொட்டிக்கடைக்காரனைப் பார்த்துப் பிடித்துப்போய், கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அது வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அப்புறம் அந்த ஓட்டெடுப்பு வந்தது. ஐரோப்பாவோடு இருப்பதா, வெளியே போவதா என்று நாட்டைக் கேட்டார்கள். கெதின் போவது என்று போட்டார். ஆட்டின் காதில் மாட்டுகிற அட்டைக்கு ஒரு படிவம், வேலியோரம் நிற்கிற மரத்துக்கு ஒரு படிவம் என்று ஐரோப்பாவுக்குச் சட்டம் போடுகிற பிரஸ்ஸல்ஸ்காரர்கள் உயிரை எடுக்கிறார்கள், இந்தக் காகிதத் தொல்லை ஒழியட்டும் என்பது அவருடைய கணக்கு. போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். லீவுக்கு வந்திருந்த மகளிடம் சாப்பாட்டு மேசையில், வாய் நிறைய ஆட்டுக்கறியோடு, அதைப் பெருமையாகச் சொல்லியும் தொலைத்தார்.

"உனக்கும் எனக்கும் நடுவுல கதவு வைக்கிறதுக்கா ஓட்டுப் போட்ட?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவள்தான். அதன்பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனோரா என்று பேத்தி பிறந்து, நடந்து, பேசி, எல்லாமே மனைவி மென்னாவின் போனில் படமாக மட்டும் வந்தன. கெதினும் பேசவில்லை. பேசத் தெரிந்தால்தானே!

இந்த வருஷம் மென்னாவின் போனில் லவ்ரியிடமிருந்து ஒரு வரி வந்தது. 'மாரியோட வரச் சொல்லு. வழக்கம்போலப் பாடட்டும். கதவைத் தாண்டி வந்துட்டா, வீட்டுக்குள்ள வரட்டும்.' கெதின் போனை வாங்கிக்கொண்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போய், ஆடுகளுக்கு நடுவே நின்று, அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். மாரி இல்லாமல் அந்த வாசலுக்குப் போக அவருக்குத் துணிச்சல் கிடையாது. அதனால் மாரி போயே ஆக வேண்டும். விலங்குப் பொருள் எதுவாக இருந்தாலும் இப்போது சான்று வேண்டும் என்றார்கள். அதற்குத்தான் இந்த மாட்டு டாக்டர்.

டாக்டர் ஹெலெத் படிவத்தை மேசையில் விரித்தாள்.

"போன முப்பது நாள்ல காய்ச்சல் எதுவும் வந்துச்சா?"

"இல்லம்மா."

"தீனி ஒழுங்கா எடுக்குதா?"

"அவ்வளவா இல்ல."

"மூக்குல சளி?"

"மூக்கே இல்லம்மா."

ஹெலெத் பேனாவைக் கீழே வைத்தாள். "இங்க ரெண்டே ரெண்டு கட்டம்தான் இருக்கு மாமா. உயிருள்ள பிராணி, இல்லேன்னா இறைச்சி. உங்க குதிரை ரெண்டுலயும் உட்கார மாட்டேங்குதே. நான் என்ன பண்ண?" கடைசியில், 'குணம்' என்று கேட்டிருந்த இடத்தில் மட்டும் 'சாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வெளியே வண்டியில் காத்திருந்த மெய்ரிக் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரியாய்ச் சிரித்தார். "ஏன்டா, காகிதம் ஒழியணும்னுதானே ஓட்டுப் போட்ட? இப்போ எலும்புக்கும் காகிதம் தூக்கிட்டு அலையிற பாரு! அடுத்து உன் பொய்ப்பல்லுக்கும் கேப்பான்."

கெதின் மண்டையோட்டுக்கு சீட் பெல்ட் மாட்டினார்.

கப்பல் காலையில் பிரெத்தோன் துறைமுகத்தில் நின்றது. வண்டியில் ஆறு பேரும் மாரியும். கடவுச்சீட்டுக் கூண்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போதே சுங்கத்து நாய் வந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மாரி இருந்த பெட்டியைப் பார்த்து ஊளையிட்டது. குரைக்கவில்லை, ஊளைதான். செத்த வீட்டில் ஊளையிடுகிற மாதிரி. வண்டியை ஓரங்கட்டச் சொன்னார்கள்.

சுங்க அதிகாரியின் பெயர் கூல்வென். நல்ல வாட்டசாட்டமான ஆள். சான்றைப் படித்தார். "சாது" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தன் அறைக்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்தபடி, "இது உள்ள வரக் கூடாது," என்றார்.

அங்கேதான் வந்தது வினை. பென்ட்ரெகுவின்காரர்களிடம் வேறு எதை வேண்டுமானாலும் செய்யலாம், முகத்துக்கு எதிரே கதவை மட்டும் சாத்தக் கூடாது. சாத்திய கதவைப் பார்த்தால் அவர்களுக்கு ரத்தத்திலேயே பாட்டு வந்துவிடும். மெய்ரிக் தொண்டையைச் செருமினார். மற்ற நான்கு பேர் பின்னால் வரிசை கட்டினார்கள். கெதினும் யோசிக்காமல் பெட்டியைத் திறந்து, மாரியைத் தூக்கி, துணிக்குள் புகுந்துவிட்டார். பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பதை மறந்து இறங்கி வந்தார்கள்.

'குளிரில் நிற்கிறோம், குதிரையும் நிற்கிறாள், கதவைத் திறவாய் தடிமாடே' என்ற அர்த்தத்தில் மெய்ரிக் பாடினார். டக் டக் என்றது தாடை.

கூல்வென் வளர்ந்தது ப்ளூகெர்வனில். சின்ன வயதிலிருந்து மாரியைப் பார்த்தவர். இரண்டு ஊர் மொழிக்கும் ஒன்றுவிட்ட உறவு வேறு. பாட்டுக்குப் பாட்டால் பதில் சொல்லாவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று அவருக்குத் தெரியும். அலமாரியிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை இழுத்து, முதல் பக்கத்திலிருந்து அதே மெட்டில் பாட ஆரம்பித்தார்.

'வெளிநாட்டு விலங்கின் எலும்பு முத்திரை இன்றி வரலாகாது' என்றார் அவர். 'முத்திரைக்கு எங்கே போவோம், மூஞ்சியிலேயே குத்தட்டுமா' என்றார் மெய்ரிக். மெய்ரிக் அதுவரை எந்த வாசலிலும் தோற்றதில்லை. ஆனால் எந்த வாசலிலும் அவருக்கு எதிரே அத்தனை தடிப் புத்தகம் இருந்ததும் இல்லை. அவர் மாமியார் பாட்டு, மூட்டுவலிப் பாட்டு, போப்பாண்டவர் பாட்டு எல்லாம் தீர்ந்து, குரல் கட்டிப்போய் நின்றபோது, கூல்வென் பன்றித்தோல் அத்தியாயத்தைக்கூட முடித்திருக்கவில்லை.

"தோத்துட்டேன்டா," என்றார் மெய்ரிக், துணியைப் பார்த்து. அந்த முகத்தில் அப்படி ஓர் அவமானத்தைக் கெதின் பார்த்ததே இல்லை.

கதவு திறந்து துறைமுகத்து மாட்டு டாக்டரம்மா வந்தாள். பெயர் சொவாசிக். எரித்துவிடுவதுதான் முறை என்றாள். கையில் சிவப்புச் சீட்டு வைத்திருந்தாள். எழுதுவதற்கு முன், கேட்க வேண்டுமே என்று கேட்டாள்.

"இந்தப் பிராணி பிறந்த நாடு?"

"வெங்காயம்," என்றது வெள்ளைத் துணி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். துணிக்குள்ளிருந்து ஆள் பேசி இரண்டு ஊரிலும் யாரும் கேட்டதில்லை.

"வெங்காயம் விக்க வந்தவரோட குதிரைங்க," என்றார் கெதின் உள்ளிருந்தே. "உங்க ஊர்க்காரர். இங்கேருந்து கப்பல்ல கொண்டாந்தாரு. எங்க ஊர் ஏத்தத்துல மூட்டையோட இழுக்க முடியாம விழுந்து செத்துப்போச்சு. எங்க தாத்தாவோட அப்பா புதைச்சாரு. அப்புறமா தோண்டி எடுத்துட்டாரு. எரிச்சுடாதீங்கம்மா. நான் எம்பொண்ணு வீட்டுக்குப் போகணும்."

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சொவாசிக் குனிந்து மாரியின் பற்களைத் தடவிப் பார்த்தாள். நெற்றியின் அகலத்தை விரலால் அளந்தாள். பிறகு கூல்வெனிடம், "நம்ம இனம்தான். பிரெத்தோன் வண்டிக் குதிரை," என்றாள்.

கூல்வென் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "அப்படின்னா இது இறக்குமதியே இல்லையே! தற்காலிகமா வெளியே போன சரக்கு, திரும்பி வருது. கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்." பச்சைச் சீட்டு ஒட்டினார். தொப்பியைக் கழற்றி, மாரியின் நெற்றியைத் தட்டி, "வாம்மா வா, வீட்டுக்கு வந்துட்ட," என்றார். லாரிக்காரர்கள் கை தட்டினார்கள். மெய்ரிக் கெதினைத் துணியோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கடவுச்சீட்டுக் கூண்டில் இருந்த பெண் மெய்ரிக்குக்கு முத்திரை குத்தினாள், மற்றவர்களுக்கும் குத்தினாள். கெதினுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது செல்லாது."

"முடியிற தேதி இன்னும் வரலையேம்மா."

"முடியிற தேதி சரிதான். கொடுத்த தேதி பத்து வருஷத்தைத் தாண்டிப்போச்சு. வெளிநாட்டுக்காரங்களுக்கு அது கூடாது. ஐரோப்பாக்காரரா இருந்தா விட்டுடுவேன்."

"அப்போ குதிரை?"

"குதிரை நம்மது," என்றாள் அந்தப் பெண், ஆறுதலாக.

சாயங்காலக் கப்பலில் திருப்பி அனுப்புவதாக முடிவாயிற்று. அதுவரை வெளிநாட்டார் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாக வண்டி போவது தெரிந்தது. முன் சீட்டில், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு மாரி போனாள். கெதினுக்கு அவள்மேல் அப்படி ஒரு பொறாமை வந்தது. செத்த குதிரையைப் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆகிவிட்டதே என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

மதியத்துக்குமேல் கதவு திறந்தது. மெய்ரிக் தகவல் சொல்லி, லவ்ரி வந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு எனோரா. கூல்வென் பின்னால் நின்று, "இந்த அறை எங்க நாடும் இல்ல, உங்க நாடும் இல்ல. கப்பல் வர்ற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க," என்றுவிட்டுப் போனார்.

கெதின் எழுந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"குதிரைய மட்டும் அனுப்பி வெச்சிருக்கே," என்றாள் லவ்ரி.

"நானும்தாம்மா வந்தேன். என்னைத்தான் விடல."

"எனக்கும் அப்படித்தாம்ப்பா இருந்துச்சு. அந்த ஓட்டுக்கப்புறம் இங்க இருக்கிறதுக்குச் சீட்டு கேட்டு நான் எத்தனை வரிசையில நின்னேன் தெரியுமா? வயித்துல இவள வெச்சுக்கிட்டு. ஒரு தடவையாவது எப்படி இருக்கேன்னு கேட்டியா?"

"கேக்கலைம்மா." மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "கேட்டிருக்கணும்," என்றார். "தினமும் கேக்கணும்னுதான் இருந்துச்சு. வாய் வரல."

லவ்ரி பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நாங்க வேணும்னா உன்கூடக் கப்பல்ல வர்றோம்," என்று எழுந்து டிக்கெட் சாளரத்துக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். எனோராவிடம் பிரெஞ்சு அடையாள அட்டைதான் இருக்கிறதாம். முன்பு அது போதும். இப்போது பிரிட்டனுக்குள் அது செல்லாதாம். சொல்லிக்கொண்டே வந்தவளுக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. கெதினுக்கும் வந்தது. உள்ளே போக அவருக்கு வழியில்லை, வெளியே வர அவர்களுக்கு வழியில்லை. மூன்று பேரும் அந்த அறையில், பிளாஸ்டிக் நாற்காலியில், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனோராவுக்கு ஏனென்று தெரியாது. எல்லாரையும்விட அதிகமாக அவள்தான் சிரித்தாள்.

மாப்பிள்ளை கடை ரொட்டியும் உப்பு வெண்ணெயும் லவ்ரி கொண்டுவந்திருந்தாள். எனோரா தாத்தாவின் மூக்கைப் பிடித்துப் பார்த்தாள், காதைப் பிடித்துப் பார்த்தாள், ஆட்டுக்கெல்லாம் பெயர் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவரால் இவ்வளவு பேச முடியும் என்று அவருக்கே தெரியாது. பெயர்களைக் கேட்டுக்கொண்டே குழந்தை அவர் மடியில் தூங்கிப்போனது. சின்னக் கை ஒன்று அவர் சட்டைப் பொத்தானை விடாமல் பிடித்திருந்தது.

ஒலிபெருக்கி கப்பலுக்குக் கூப்பிட்டது. கூல்வென் வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "புறப்படலாம் ஐயா," என்றார்.

கெதின் அசையவில்லை. குழந்தையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அதிகாரியை நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கிறேனே," என்றார்.

லவ்ரி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பொத்தானிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு ஓட்டுலயும் இதைத்தாம்ப்பா கேட்டாங்க," என்றாள்.