மூக்கு இல்லாத படங்கள்

சுபாவுக்கு அன்று காலையிலிருந்தே குஷி. தருமபுரியில் அவள் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டர் முதன்முறையாக ஓர் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தது. பல ஊர்களிலிருந்து வலிப்பு நோயாளிகளின் மூளைப் படங்களைத் திரட்டி, வலிப்பு எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்கப் போகிறார்கள். நோயாளிகளிடம் அவரவருடைய டாக்டர்கள் மூலமாகச் சம்மதம் வாங்கியாயிற்று. பெயர், ஊர், பிறந்த தேதி, போன் நம்பர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் படங்களை அனுப்பி வைப்பது சுபாவின் பொறுப்பு.

கம்ப்யூட்டரில் ஒரே கட்டளை கொடுத்து, ஒரு பெயரையும் பார்க்காமலே அழித்தும் முடித்துவிட்டாள். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு படத்தைத் திறந்தவள், கை சும்மா இருக்காமல், துண்டு துண்டான படங்களை ஒரே உருவமாகச் சேர்த்துக் காட்டும் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு தலை திரண்டு வந்தது. மூளை மட்டுமல்ல, முழுத் தலை. கண் மூடிய, ஒரு முடிகூட இல்லாத, சாம்பல் நிற முகம். கிளி மூக்கு. இரட்டைத் தாடை. விறைத்து நிற்கும் காதுகள்.

சுபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் விடும் மதியழகன்!

அவளுடைய அப்பா சவுரியப்பன் வருஷக்கணக்காக அவரிடம்தான் தக்காளி இறக்குகிறார். சின்ன வயதில் அப்பாவோடு மண்டிக்குப் போகும்போதெல்லாம் அந்த மூக்கையும், லாரி ஹாரனையே அமுக்கிவிடும் அந்தக் குரலையும் வாய் பிளந்து பார்த்திருக்கிறாள். இந்தப் படம் அவள் வேலைக்குச் சேருமுன் எடுத்தது. அவருக்கு வலிப்பு உண்டென்று மண்டியில் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

பிறர் வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைந்துவிட்டவள் போலக் கூச்சப்பட்டு, படத்தை மூடினாள். நேரே டாக்டர் மணிமேகலையின் அறைக்குப் போனாள். படம் பார்த்து நோய் சொல்லும் அந்த டாக்டர்தான் சென்டருக்குத் தலைமை.

"மேடம், படங்களை இன்னைக்கு அனுப்ப வேண்டாங்க."

"ஏம்மா? பேரெல்லாம் எடுத்தாச்சில்ல?"

"பேரை எடுத்துட்டோம். மூஞ்சி அப்படியே இருக்குதுங்களே."

டாக்டர் சிரித்தார். "அது களிமண் பொம்மையாட்டம் இருக்கும் சுபா. அதைப் பார்த்து யாரு என்ன கண்டுபிடிக்கப் போறாங்க?"

"நானே ஒருத்தரைக் கண்டுபுடிச்சிட்டங்க."

"யாரை?"

"அதை மட்டும் கேக்காதீங்க மேடம்." சுபா சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "மிஷின் வந்த புதுசுல, சோதிச்சுப் பாக்கறதுக்கு நீங்கதான மொதல்ல படுத்தீங்க? அந்தப் படத்தை ஒருத்தருக்குக் காட்டிப் பாக்கலாங்களா? நீங்க சரின்னாத்தான்."

"தாராளமா காட்டு. எங்க மாமியாருக்கே அடையாளம் தெரியாது."

அந்த நேரம் பார்த்து, சென்டரைக் கூட்டிப் பெருக்கும் இண்டூர் செல்லி டீயோடு வந்தாள். சுபா டாக்டரின் கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினாள். "செல்லி அக்கா, இது யாருன்னு தெரியுதா?"

செல்லி டம்ளரைக் கீழே வைக்காமலே எட்டிப் பார்த்தாள். "அட, நம்ம டாக்டரம்மா! எப்பங்க திருப்பதிக்குப் போயி மொட்டை போட்டீங்க? ஒரு வார்த்த சொல்லல, லட்டும் குடுக்கல!"

டாக்டரின் கை தன்னையறியாமல் தலைமுடிக்குப் போயிற்று. மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டீ ஆறிப்போயிற்று. செல்லி போனதும் டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் படங்கறதால சிரிக்க முடிஞ்சுது. நோயாளியா இருந்தா சிரிப்பாங்களா?" என்று சொல்லிக்கொண்டே ஆராய்ச்சிக் குழுவுக்குப் போன் போட்டார்.

படத்திலிருந்து முகத்தை மட்டும் நீக்க மென்பொருள் இருக்கிறதாம். அதை முதலிலேயே அனுப்பாமல் விட்டோமே என்று அவர்கள் வருத்தப்பட்டார்கள். வந்து சேர்ந்த மென்பொருளோடு சுபா மல்லுக்கு நின்றாள். பெரும்பாலான படங்களில் அது கண், மூக்கு, வாய், தாடையை நேர்த்தியாகச் சீவி எடுத்தது. ஒரு படத்தில் மட்டும் மூக்கோடு முன்மூளையிலும் ஒரு துண்டை நறுக்கிவிட்டது. "முகத்த எடுன்னா மூளைய எடுக்கறியே!" என்று அதைத் திட்டிவிட்டு, தக்காளியில் சொத்தையை மட்டும் அரிந்து எடுப்பதுபோல அந்தப் படத்தைக் கையாலேயே சரிசெய்தாள். பிறகு ஒவ்வொரு தலையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். யாரையும் அடையாளம் தெரியவில்லை. எல்லாருடைய மூளையும் பத்திரமாக இருந்தது.

"நோயாளிங்க மறுபடி வரும்போது இதைச் சொல்லிடணும். அதுவரைக்கும் ஒண்ணும் போகக் கூடாது. வேண்டாம்னா விட்டுடலாம்" என்றார் டாக்டர்.

அடுத்த வாரமே மதியழகன் வந்தார். முகத்தில் மாஸ்க், தலையில் முக்காடாகத் துண்டு. சுபாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீ... சவுரியப்பன் பொண்ணுதான? நான் சும்மா, தெரிஞ்சவங்க ஒருத்தரைப் பாக்க வந்தன்."

சரிங்க என்று தலையாட்டிவிட்டால் சுபாவுக்கு வேலை சுலபம். ஆனால் தெரிந்துகொண்டே தெரியாததுபோல் நடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மாமா, ஒங்க விஷயம் எனக்குத் தெரியுங்க. படத்துல மூஞ்சி தெரிஞ்சுபோச்சு. எங்கப்பாகிட்டகூட நான் மூச்சு வுடல."

மதியழகன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மண்டியையே அதிரவைக்கும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "ஏலத்துக்கு நடுவுல வுழுந்துடுவான்னு தெரிஞ்சா எவன் கண்ணு எங்கிட்ட சரக்கு எறக்குவான்? மாத்திரை போட்டதுலயிருந்து ஒண்ணும் வரல. சொன்னா யாரு நம்பறாங்க?"

அவர் கேட்டதால் பழைய படத்தைக் காட்டினாள். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என் மூக்கு இத்தாம் பெருசா?"

"நேர்ல இன்னுங் கொஞ்சம் பெருசுங்க மாமா."

வாய் விட்டுச் சிரித்துவிட்டார். முகம் நீக்கிய படத்தைக் காட்டியதும் சிரிப்பு இன்னும் கூடியது. "இதைக் காட்டினா எங்க வூட்டுக்காரிக்கே நான் யாருன்னு தெரியாது!"

"இந்த மூஞ்சி இல்லாத படத்தத்தான் ஆராய்ச்சிக்கு அனுப்புவோங்க. வேண்டாம்னாலும் சொல்லிடலாங்க மாமா. ஒங்க வைத்தியத்துல ஒண்ணும் கொறையாது."

அவர் யோசித்தார். "எனக்கு எங்கிருந்து கெளம்புதுன்னு தெரிஞ்சா நாளைக்கு இன்னொருத்தனுக்கு ஆவும்ல? அனுப்பு கண்ணு" என்று சொல்லி எழுந்தார்.

மற்ற நோயாளிகளிடமும் கேட்ட பிறகு படங்கள் போய்ச் சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மண்டியிலிருந்து திரும்பிய சவுரியப்பன் கைகூடக் கழுவாமல் கூப்பிட்டார். "சுபா, இங்க வா! இன்னைக்கு மண்டியில என்ன ஆச்சு தெரியுமா?"

பெட்டி தூக்கும் மாதுவுக்குத் திடீரென்று வலிப்பு வந்து கீழே விழுந்திருக்கிறான். ஆளாளுக்குச் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மதியழகன் ஏலத்தை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து, "சாவியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், காத்து வுடுங்க!" என்று கத்தி, அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குத் தன் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறார். அவன் தெளிந்து எழுந்ததும் ஒருவன், "இனிமே இவனை வேலைக்கு வெக்கக் கூடாதுங்க" என்றானாம்.

"அப்ப என்னையும் வெக்காதீங்கன்னுட்டான் மதியழகன்!" அப்பா தொடையில் தட்டிக்கொண்டார். "எனக்கும் இது இருக்குது, ஸ்கேன் பாத்து மாத்திரை சாப்புடறன், எங்கிட்ட சரக்கு எறக்க பயப்படறவன் இப்பவே எடுத்துக்கிட்டுப் போலாம்னான். ஒருத்தனும் அசையல. அப்புறம் பின்னாலயிருந்து எவனோ, தக்காளி வெயில்ல வேவுது, ஏலத்த ஆரம்பிங்கன்னு கத்தினான். மண்டியே சிரிச்சுது."

சுபா சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினாள். நெஞ்சு நிறைந்திருந்தது.

"இத்தன வருசமா பழகறன், எனக்கே தெரியல. ஒனக்குத் தெரியுமா?"

"அப்படிங்களாப்பா?" என்றாள்.

"ஸ்கேன் சென்டர்ல வேலைன்னுதான் பேரு. ஊரு நடப்பு ஒண்ணும் தெரியறதில்ல ஒனக்கு!" என்று அலுத்துக்கொண்டார் அப்பா.

"அதான் நீங்க இருக்கீங்களே. மொதல்லயிருந்து இன்னொருக்கா சொல்லுங்கப்பா" என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள் சுபா. அப்பாவும் உற்சாகமாக, மாது பெட்டியைத் தூக்கிய இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.