ஒன்பதாவது விதி

அண்ணனைப் பத்தி மட்டும் கேட்டுடக் கூடாது. வேற எதை வேணும்னாலும் கேக்கட்டும்.

மெஹ்ருன்னிசா சமையலறை வாசலில் நின்று இதையே மனத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். கூடத்துப் பாயில் அவள் புருஷன் அய்யூபும் சைக்கிள் சங்கச் செயலாளர் ராமதாஸ் மாஸ்டரும் உட்கார்ந்திருந்தார்கள். கன்னியாகுமரியிலிருந்து லாகூர் வரை, ஊருக்கு ஊர் ஆள் மாறி ஓட்டும் சைக்கிள் பயணம். எல்லையைத் தாண்டப் போகிற எட்டுப் பேரில் அய்யூபும் ஒருவன். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைச் சைக்கிள் விடுகிறவனுக்கு எப்பேர்ப்பட்ட கௌரவம்! மூன்று மாதமாக விடியற்காலையில் சைக்கிளில் ஊர் மலையை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கடையைத் திறக்கிறான்.

டில்லியிலிருந்து வந்த விதித்தாளை மாஸ்டர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சைக்கிளின் பிரேம் நம்பரை எழுதிக் கொடுக்க வேண்டும். கொண்டுபோன சைக்கிளே திரும்பி வர வேண்டும். காமிரா கூடாது. யார் கொடுத்தாலும் கடிதமோ பொட்டலமோ வாங்கக் கூடாது. விசாவில் குறித்த ரோட்டை விட்டு விலகக் கூடாது.

"ரோடு மாறிட்டா?" என்றான் அய்யூப்.

"மாமியார் வூடுதான். களி போடுவானோ ரொட்டி போடுவானோ, உன் அதிர்ஷ்டம்."

இருவரும் சிரித்தார்கள். மெஹ்ருன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒம்பதாவது. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா பேரு, விலாசம், உறவு எழுதணும். மறைச்சது தெரிஞ்சா எல்லையிலேயே புடிச்சு வெச்சுடுவாங்க. வூட்டுல ஒருத்தர் சாட்சிக் கையெழுத்து போடணும்." மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "உன் மச்சான் கராச்சியில இருக்கறது எனக்குத் தெரியும்பா. எழுதினா உன் பேரை அடிச்சிடுவாங்க. அதான் யாரும் இல்லைனு எழுதிட்டேன். இப்டி வாங்க தங்கச்சி, ஒரு கையெழுத்து போடுங்க."

வந்தாள். பேனாவை வாங்கினாள்.

அறுபத்தைந்தில் சண்டை நடந்தபோது கீழ்பென்னாத்தூரில் அவள் அப்பாவிடம் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். வந்த இரண்டு போலீஸ்காரர்களும் முதலில் மரியாதையாகத்தான் பேசினார்கள். டீ கூடக் குடித்தார்கள். அப்பா பயத்தில், "எனக்கு மகனே கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டார். ஒருவர் பையிலிருந்து ஜியாவுல்லா அண்ணன் எழுதிய கடிதத்தை எடுத்துப் பாயில் வைத்தார். தபாலிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். மூன்று நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து வீடு திரும்பிய அப்பா, சாகும்வரை, யார் கதவைத் தட்டினாலும் எழுந்து நின்றுவிடுவார்.

பிள்ளை கராச்சியில் இருக்கிறான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார்களோ என்னவோ. பன்னிரண்டு வயதில் பிடித்த அந்த எண்ணம் பதினாறு வருஷமாகியும் அவளை விடவில்லை.

"அண்ணன் பேரு போலீஸ் நோட்டுல ஏறியிருக்குங்க சார்" என்றாள்.

"அதையெல்லாம் இந்நேரம் கரையான் தின்னிருக்கும் தங்கச்சி."

கரையானை நம்பியா புருஷனை அனுப்புவது? பார்த்தேயிராத அந்த எல்லை அவள் கண்முன் வந்தது. மற்ற ஏழு பேரும் தாண்டிப் போய்விட்டார்கள். அய்யூப் மட்டும் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறான். எதிரே ஒரு மேஜை. அதன்மேல் ஒரு கடிதம்.

உண்மையை எழுதினால் இவன் கனவு போய்விடும். டில்லிக்கு அண்ணன் பேர் போனால் யாராவது வீடு தேடி வரவும் கூடும். ஆனால் வருகிறவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு அவளிடம் தாளில் எழுதிய அதே பதில்தான் இருக்கும்.

"மெஹ்ரு," என்றான் அய்யூப், கெஞ்சலாக. "நான் உன்னை இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல. அந்தக் கோட்டைத் தாண்டிட்டு வந்துடறேன். போடும்மா."

அவன் முகத்தைப் பார்த்தால் போட்டுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். தாளையே பார்த்தாள். பேனாவை மூடி அதன்மேல் வைத்தாள்.

"அண்ணன் பேரை எழுதிக் குடுங்க, போடறேன். இதுல போட மாட்டேங்க."