ஏழாம் நம்பர் வீட்டின் இரண்டாவது ஆள்

ஒப்புக்கொள்கிறேன், அம்மாவுக்கு நாற்பத்தைந்து, மகளுக்கு நாற்பத்தொன்று என்று எழுதியது நான்தான். ஆனால் நீங்களும் ஒரு தடவை இரண்டு வாரத்தில் எட்டு லயம் ஏறி இறங்கிப் பாருங்கள், பிறகு சிரிக்கலாம்.

போன வருஷம், எழுபத்தொன்று மார்ச்சில், ஜனத்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சரான என்னிடம் ஒரு கட்டுத் தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறையூரிலிருந்து மூணாறு போகிற பஸ்ஸில் வந்தால் எங்கள் எஸ்டேட் வரும். எந்த எஸ்டேட் என்று மட்டும் கேட்காதீர்கள், காரணம் பின்னால் தெரியும். அப்போது இடுக்கி என்று தனி மாவட்டமே கிடையாது. இந்த மலையெல்லாம் கோட்டயத்தோடு சேர்த்தி.

தாளைப் பார்த்த தாலுகா சூப்பர்வைசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"டீச்சரே, இந்த அம்மச்சி நாலு வயசிலயா பிரசவிச்சது?"

ஏப்ரல் முதல் மூன்று நாள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கலாம் என்பதால் தப்பித்தேன். அன்று சாயங்காலமே மூன்றாவது லயத்துக்கு ஓடினேன். ஒரே கூரைக்கு அடியில் பத்து வீடு; அதில் ஏழாவது. வழிகாட்டக் கங்காணி செல்லத்துரையும் கூட வந்தார். வாசலில் குருவம்மாள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். மகள் அப்போதுதான் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வெறுங்கூடையோடு வந்தாள்.

"சுருளி, உனக்கு நாற்பத்தொண்ணா?" என்றேன்.

"செக்ரோல்ல அப்படித்தான் டீச்சர் இருக்கு."

"அது ஆபீஸ் ஆஜர்ப் புத்தகம். நான் கேக்கிறது உன் வயசு."

அவள் கங்காணியைப் பார்த்தாள். கங்காணி கூரையைப் பார்த்தார்.

"இருபத்திநாலு. பேரும் அது இல்ல டீச்சர். நான் மூக்கம்மா. சுருளி எங்க அக்கா."

சுருளியம்மாள் மஞ்சள் காமாலையில் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வேலைக்கு ஆள் இல்லையென்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதனால் இங்கே ஒரு வழக்கம்: ஆள் மாறுவார், பெயர் மாறாது. பதினைந்து வயது மூக்கம்மாள் மறுவாரமே பெரட்டில், காலையில் ஆள் கூப்பிடுகிற அந்தக் களத்தில், அக்கா பெயருக்கு 'இருக்கேன்' என்று குரல் கொடுத்தாள். இதுவரை தாளும் பேனாவுமாக வந்தவர்கள் எல்லாம் ஆபீஸ் ஆட்களே என்பதால், எனக்கும் ஆபீஸ் பதிலையே சொல்லியிருக்கிறாள்.

"ரேஷன் கார்டுல அக்கா, ஓட்டு லிஸ்டுல அக்கா, ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் அக்கா. நான்னு ஒருத்தி இருக்கேன்னு எங்கயுமே எழுத்து இல்ல. இதுலயாவது என்னைய எழுதுங்க டீச்சர்."

"எழுதாதீக," என்றாள் குருவம்மாள், அரிவாளைக் கீழே வைக்காமல். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலையும் போச்சு, வீடும் போச்சு."

"மேனேஜர் வந்து கேட்டாலும் இதைக் காட்டக் கூடாது. சட்டமே அப்படி," என்றேன்.

"அப்ப இந்தா நிக்கிறவரு?" தாடையால் கங்காணியைக் காட்டினாள்.

பெயர் மாற்றாமல் அந்தப் பெண்ணைப் பெரட்டில் நிறுத்தியதே அவர்தான். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு வலது காது கேக்காதுன்னு ஊருக்கே தெரியும் குருவம்மா. இடது காதுல குளிரு அடைச்சிருக்கு."

பீடியைப் பற்றவைத்துக்கொண்டு லயத்துக் கோடியில் சாக்கடையைப் பார்வையிடப் போய்விட்டார். நான் பேனாவைத் திறந்தேன். குருவம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தெனம் காலையில மூத்தவ பேரைக் கூப்பிடுறாக. எனக்கு இங்க அடுப்படிக்குக் கேக்கும். 'இருக்கேன்'னு சத்தம் வந்த பெறவுதான் கஞ்சி எறக்குவேன். நீங்க அவ பேரை அடிச்சுட்டா?"

தாளில் அதற்குக் கட்டம் இல்லை. மூக்கம்மாள் கூடையை இறக்கிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யாத்தா, பெரட்டுல அக்காவே இருக்கட்டும். நானே சத்தம் குடுக்கேன். இந்தத் தாள்ல மட்டும் நான் இருந்துக்கிறேன். அவளை யாரு அடிக்கிறா?"

குருவம்மாள் மகளின் முடியில் ஒட்டியிருந்த தேயிலையை எடுத்துப் போட்டாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப வயசையாவது சரியா எழுதுங்க டீச்சர். இவ ஆடியில பொறந்தவ. இருபத்திநாலு முடிய இன்னும் நாலு மாசம் கெடக்கு."

மூக்கம்மாள், இருபத்து மூன்று என்று எழுதினேன்.

"உங்களுக்கு நாற்பத்தஞ்சுதானா?"

"எனக்கென்ன, அதுவே இருக்கட்டும்."

"அறுபது ஆயிருச்சு டீச்சர்," என்று சாக்கடைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"குளிரு அடைச்ச காதுக்கு இது மட்டும் எப்படிக் கேட்டுச்சாம்?" என்றாள் குருவம்மாள்.

இந்த ஜனவரியில் இடுக்கி தனி மாவட்டம் ஆகிவிட்டது. புது மாவட்டத்து ஜனத்தொகை என்று பேப்பரில் லட்சக்கணக்கில் ஒரு எண்ணைப் பார்த்தேன். அதில் ஒன்று மூக்கம்மாள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் காலையில் பள்ளிக்கூடம் திறக்கும்போது களத்திலிருந்து இன்னமும் "சுருளியம்மாள்" என்று கேட்கிறது, "இருக்கேன்" என்றும் கேட்கிறது. அந்த வீட்டில் இரண்டு பேர் என்றுதான் நான் எழுதினேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், நான் சரியாகத்தான் எண்ணியிருக்கிறேனா?