துண்டுக்குள் டிராகன்

ஓர் உயிரின் விலை பதினோரு புள்ளி. டிராகனாக இருந்தால் நூற்றிருபது. தீனதயாளன் உருவாக்கிய பகடை ஆட்டத்தில் அதுதான் மார்க்கெட் ரேட். தள்ளுபடியும் கிடையாது, கொசுறும் கிடையாது.

அந்தப் பதினோரு புள்ளிக்காரன் ரங்கசாமி, பிரபாகரின் யூடியூப் கார்ட்டூனில் வரும் லாரி டிரைவர். அவன் வழிதவறி டிராகன் கோட்டைக்குள் லாரியை விடுவதாக ஒரு காமிக்ஸ் போடலாமா என்று மோனிஷா கேட்டபோது இருவரும் தலையாட்டினார்கள். அவள் சேலைக் கடைக்காரர் மகள். கார்ட்டூன் பார்க்கிறவனையும் ஆட்டம் ஆடுகிறவனையும் ஒரே கடைக்குள் இழுக்கிற வித்தையை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படம் முழுக்க அவள் வரைந்தது. அவளுடைய முதல் புத்தகம்.

கடைசிப் பக்கத்தில் வண்டி நின்றுவிட்டது. யார் ஜெயிப்பது? சாயங்காலத்துக்குள் ஃபைல் போகாவிட்டால் அச்சகம் காலண்டர் வேலையை மெஷினில் ஏற்றிவிடும். பிறகு பொங்கல் கழித்துத்தான். அதற்குள் இந்த இருவரும் முகம் பார்த்துக்கொள்வார்களா என்பதே சந்தேகம். அம்மாபேட்டையில் அவள் அப்பா கடையின் மேல்மாடியில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜாக்கி லிவர்ல அடிச்சு டிராகன் செத்துதுன்னா, அப்புறம் என் ஆட்டத்தை எவனுங்க ஆடுவான்?" என்றான் தீனதயாளன்.

"ரங்கசாமி செத்தான்னா, அடுத்த வாரம் நான் எதை வெச்சுங்க சிரிப்புக் காட்டறது? கருமாதியவா?" என்றான் பிரபாகர்.

"ஆடியே பாத்துடலாம்ணா. பகடை சொல்றதை வரையறேன்" என்றாள் மோனிஷா. வேறு வழி அவளிடமும் இல்லை.

ரங்கசாமிக்குப் பிரபாகர், டிராகனுக்குத் தீனதயாளன். ரங்கசாமி லிவரை ஓங்கினான். பகடையில் மூன்று விழுந்தது. லிவர் அவன் காலிலேயே விழுந்தது. டிராகன் ஊதியது. பத்துப் புள்ளி போச்சு. மிச்சம் ஒன்று. பிரபாகர் பகடையைத் தொடவில்லை.

"அடிக்கலீங்க. கோட்டையை விட்டுப் போறதுக்கு வெலை பேசறேன்."

"டிராகன்கிட்டயா?"

"ஏனுங்க, நூறு வருசமா ஒருத்தனும் அதுகிட்ட வெலை கேக்கலீன்னா அது யார் தப்புங்க?"

சொல்லிக்கொண்டே தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினான், துண்டுக்குள் விரல் பிடித்தே விலை பேசும் மாட்டுச் சந்தைத் தரகன் நீட்டுவதுபோல. தீனதயாளன் நாமகிரிப்பேட்டைக்காரன், சந்தை பார்த்து வளர்ந்தவன். மறுக்க வாய் திறந்தான். அதற்குள் அவன் கை துண்டுக்குள் போய்விட்டது.

துண்டு அசைந்தது. உள்ளே விரல்கள் பேசின.

"கட்டாதுங்க."

"இன்னொருக்கா புடிச்சுப் பாருங்க."

தீனதயாளன் உதட்டைப் பிதுக்கினான், கூரையைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். கடைசியில் சிரித்துவிட்டான். "சரி, முடிச்சுக்கலாம்."

"எவ்வளவுக்குண்ணா முடிஞ்சுது?" என்றாள் மோனிஷா, பென்சிலோடு.

"துண்டுக்குள்ள நடந்ததைக் கேக்கக் கூடாது அம்மிணி" என்றார்கள் இருவரும், ஒரே ஆளாக.

அவளுக்குப் பளிச்சென்றது. கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம்: ஒரு செதில் கை, ஒரு கிரீஸ் கை, இரண்டையும் மூடிய ஒரு துண்டு. யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. கார்ட்டூன் பார்க்கிறவர்களும் ஆட்டம் ஆடுகிறவர்களும் கேட்டு வாங்கிப் படிப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே ஃபைல் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, டிராகன் கையில் நூற்றிருபதும் அப்படியே. ரங்கசாமிக்கு மிச்சம் ஒன்று. மோனிஷாவுக்கு வரவு ஒரு புத்தகம். வரவேண்டிய பாக்கி, எத்தனை விரல் என்பது.