ஊர் மருமகன்

விசில் ஊத மூன்றே நிமிடம். குட்மேய்ஸ் பூங்காவில் யோகராஜா கோல்கீப்பர் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது, எதிரணி மனேஜர் லதீசன் கத்தினான்.

"நிப்பாட்டுங்கோ! ஆரண்ணை இந்த மலைமாடு?"

யோகராஜாவின் அணியில் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதால் பின்வரிசையில் ஓர் ஆள் குறைந்திருந்தது. அந்த இடத்தில் நின்றவன் ஒஸ்வால்டோ. பராகுவே நாட்டுக்காரன். வயது நாற்பத்து மூன்று. இரண்டு தடவை உடைந்த மூக்கு. யோகராஜாவின் மகள் மேனுஷாவின் கணவன்.

கடைசி விஷயத்தில்தான் வில்லங்கம். ஆறு வருடத்துக்கு முன் நடந்த பதிவுத் திருமணத்துக்கு யோகராஜா போகவில்லை. இன்றுவரை அவனோடு ஒரு பேச்சும் இல்லை. கேட்பவர்களிடம், "பிள்ளையின்ர சிநேகிதர்" என்று சமாளித்துவந்தார்.

வெளிநாட்டில் வாழும் ஊர்க்காரர்களின் ஒன்றியம் நடத்தும் முதியோர் கிண்ணப் போட்டிக்கு விதி ஒன்று உண்டு. ஊரில் பிறந்தவன் ஆடலாம்; ஊரில் பெண் எடுத்தவனும் ஆடலாம். ஆனால் அவன் தன் மருமகன் என்று பெண்ணின் தகப்பன் மைதானத்தில் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்த விதியை எழுதியவரே யோகராஜாதான்.

"சொல்லுங்கோ அண்ணை. இல்லாட்டி பத்துப் பேரோட விளையாடுங்கோ."

கோட்டுக்கு வெளியே மேனுஷா தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேனுஷாவிடம் கொஞ்சம் தமிழ் பழகியிருந்த ஒஸ்வால்டோவுக்கு விளங்கிவிட்டது. சிரித்தபடி ஜெர்சியைக் கழற்றத் தொடங்கினான்.

"கழட்டாதை!"

குரல் தன்னுடையதுதானா என்று யோகராஜாவுக்கே சந்தேகம்.

"பதினேழு வருஷம் தன்ர நாட்டுக் கிளப்பில பின்னுக்கு நிண்டவனடா இவன்! நானூற்றிப் பன்னிரண்டு மேட்ச். ஒரு சிவப்பு அட்டை இல்லை. அடிச்சது மூண்டு கோல், அதில ஒண்டு தன்ர வலைக்குள்ளயே! முழங்கால் போன அண்டும் வெளியில வரமாட்டன் எண்டு நிண்டவன்!"

மேனுஷா நிமிர்ந்தாள். "அப்பா, உங்களுக்கு எப்பிடி...?"

வீட்டில் ஆளில்லாத பகல்களில், போனில் சத்தத்தைக் குறைத்துவைத்து, ஒஸ்வால்டோ ஆடிய பழைய மேட்ச் வீடியோக்களை எத்தனை தரம் பார்த்தார் என்று எப்படிச் சொல்வது?

"அண்ணை, நான் வரலாறு கேக்கேல்லை. முறை கேட்டனான்," என்றான் லதீசன்.

"என்ர மருமோன்! காணுமே? போய் விசிலை ஊதச் சொல்லு!"

இரண்டாவது நிமிடமே ஆபத்து. பந்து உயரமாக வந்தது. யோகராஜா பதறி முன்னால் பாய்ந்தார். ஒஸ்வால்டோ திரும்பிப் பார்க்காமலே ஒரு கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்தான். நில்லுங்கள். அவர் நின்றார். அந்த அகன்ற முதுகு பாதி மைதானத்தை மறைத்தது. மறைவின் ஓரத்தில் எதிரணிக்காரன் ஒருவன் ஓடிவருவது அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது.

"தம்பி, இடது!"

முதுகு திரும்பவில்லை. இடது கால் மட்டும் ஓரடி நகர்ந்தது.