மாதிரி மன்றத்தில் ஏழாவது வார்டு

ஆறு வாரமாக அந்த வகுப்பில் பதினொரு பேருக்குப் பேர் கிடையாது. வார்டு எண்தான். குடிமையியல் டீச்சரின் ஏற்பாடு. ஒன்றாம் வார்டு சபையை நடத்துவான். மற்ற பத்துப் பேரும் உறுப்பினர்கள். நகர மன்றம் எப்படி இயங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தாங்களே நடத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் ஏழு.

ஏழுக்கு விதிப் புத்தகம் தலைகீழ்ப் பாடம்.

"பிரிவு பதினெட்டு?" என்பார் டீச்சர்.

"பேசப்படும் பொருளில் தனக்கோ தன் குடும்பத்துக்கோ சம்பந்தம் இருந்தால் உறுப்பினர் எழுந்து அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். ஓட்டுப் போடக் கூடாது."

"ஓட்டு சமமானா?"

"தீர்மானம் தோற்றது."

"இவ தொண்டையில மெமரி கார்டு இருக்குடா" என்பான் மூன்று.

அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "நகர மன்ற ஆபீஸ்ல" என்பாள் ஏழு. பொய் இல்லை. அந்தக் கட்டடத்தின் கழிவறைகளையும் தாழ்வாரங்களையும் அம்மா பதினான்கு வருடமாகக் கழுவி வருகிறாள். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு யாரும் இல்லை.

மாதிரி மன்றம் உண்மையான மன்றக் கூடத்திலேயே நடக்கும் என்று முடிவானது. அன்று காலை அம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அங்க என்னைப் பாத்தா பாக்காத மாதிரி போயிடு."

"எதுக்கும்மா?"

"சொன்னா கேளு."

கூடத்தில் குதிரை லாடம் போல வளைந்த மேசை. ஆளுக்கொரு மைக். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் சத்தம் வந்தது. பின்வரிசையில் மன்றத் தலைவரும் செயலாளரும் வந்து அமர்ந்தார்கள்.

டீச்சர் கேட்டுக்கொண்டபடி செயலாளர் உண்மையான நிகழ்ச்சி நிரலையே நகல் எடுத்துக் கொடுத்தார். "விளையாட்டுப் பேப்பர் வேண்டாம் சார். பிள்ளைங்க நிஜத்தைத் தொடட்டும்" என்று டீச்சர் எழுதிக் கேட்டிருந்தார். பிள்ளைகள் முடித்ததும் பெரியவர்களின் மன்றம் இதே பட்டியலைத்தான் எடுக்கும்.

முதல் பொருள் தெருவிளக்கு. இரண்டாவது பூங்காவின் கதவு. மூன்றாவது தெருநாய். மூன்றும் சிரிப்பும் கைதட்டலுமாகப் போயின.

நான்காவது: மன்றக் கட்டடத்தின் துப்புரவுப் பணியைத் தனியாருக்கு விடுவது, தினக்கூலிப் பணியாளர் ஆறு பேரை விடுவிப்பது. பெயர்கள் இணைப்பில்.

ஏழு இணைப்பைத் திருப்பினாள். ஆறாவது பெயர் அம்மாவுடையது.

மூன்று மைக்கை இழுத்தான். "தலைவர் அவர்களே, நான் இப்பதான் பாத்ரூம் போயிட்டு வந்தேன். ஆறு பேர் வேலை பாக்குற இடமா அது? ஆறு பேரும் சேர்ந்து மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிட்டாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள். மன்றத் தலைவரும் சிரித்தார்.

"ஆறு பேரோட வீட்ல அடுப்பு எரிய வேண்டாமா?" என்றாள் ஒன்பது.

"அதுக்கு அடுப்பு வாங்கிக் குடு. பாத்ரூமை நாங்க பாத்துக்கறோம்."

மறுபடியும் சிரிப்பு. ஏழு மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ஆறு வாரப் பழக்கத்தில் யார் எந்தப் பக்கம் என்பது முகத்திலேயே தெரியும். மூன்றின் பக்கம் ஐந்து பேர். ஒன்பதின் பக்கம் நான்கு பேர். ஒன்றுக்கு ஓட்டு இல்லை. அவள் கை தூக்கினால் ஐந்துக்கு ஐந்து. தீர்மானம் தோற்கும்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். எழாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. டீச்சர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். பேசு என்கிற புன்னகை.

ஏழு எழுந்தாள்.

"பிரிவு பதினெட்டு. இந்தப் பொருள்ல எனக்குச் சம்பந்தம் இருக்கு."

ஒன்று புத்தகத்தைப் புரட்டினான். "என்ன சம்பந்தம்னு சொல்லணும். பதிவு பண்ணணும்."

"இணைப்புல ஆறாவது பேரு. எங்க அம்மா."

பத்துத் தாள்கள் ஒரே நேரத்தில் திரும்பின.

"ஆபீஸ்லன்னா இந்த ஆபீஸா!" என்றான் மூன்று. மைக் போட்டிருந்தது.

அவள் வெளியேறினாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தாழ்வாரத்தின் கோடியில் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஏன் வெளிய வந்துட்ட? வயித்த வலிக்குதா?"

ஏழு சொன்னாள். அம்மா மாப்பின் கட்டையைப் பிடித்தபடி கேட்டாள்.

"நீ உள்ள இருந்தா?"

"தோத்துப் போயிருக்கும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"அதாம்மா சட்டம். சும்மா பழகறதுதானே. நிஜ ஓட்டு அப்புறம்தான்."

"கான்ட்ராக்ட் யாருக்குப் போகுதுன்னு தெரியுமா? நம்ம ஏழாம் வார்டு மெம்பரோட மச்சானுக்கு."

ஏழின் முகம் தெளிந்தது. "அப்படின்னா அவர் வெளிய வந்தாகணும்மா. எழுந்து சொல்லிட்டு வரணும். ஒரு ஓட்டு குறையும்."

அம்மா குனிந்து துடைக்கத் தொடங்கினாள்.

உள்ளே கைதட்டல் கேட்டது. ஐந்துக்கு நான்கு. டீச்சர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஆறு வாரம் கத்துக்குடுத்ததுக்கு இது போதும்மா எனக்கு. இதுதான் குடிமகள். இவங்கதான் அம்மாவா? நீங்களும் வாங்க."

"நான் வேலையில இருக்கேன் டீச்சர். கை ஈரம்."

"பரவால்ல, வாங்க."

மாப்பை வைக்க இடம் தேடி, கிடைக்காமல், கையோடு அம்மா உள்ளே வந்தாள். மன்றத் தலைவர் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்றார். படம் எடுத்தார்கள். "அந்த மாப் தெரியற மாதிரி" என்றார் படம் எடுத்தவர். அம்மா அதைச் சற்று உயர்த்திப் பிடித்தாள். மூன்று வாயைப் பொத்திக்கொண்டான். ஒன்பது தரையைப் பார்த்தாள்.

பிறகு பிள்ளைகளைப் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பினார்கள். பெரியவர்கள் வந்து அமர்ந்தார்கள். ஏழாம் வார்டு மெம்பர், ஏழு உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். பருமனான மனிதர். ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மூன்று பொருள்களும் ஐந்து நிமிடத்தில் முடிந்தன.

"நாலு" என்றார் மன்றத் தலைவர். "இதைப் பிள்ளைங்களே பாஸ் பண்ணிட்டாங்க. தாயின்னும் பாக்காம. நாம என்ன குறைஞ்சா போயிட்டோம்?"

சிரித்தார்கள். ஏழு மெம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழவில்லை. ஃபோனிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"ஆட்சேபணை?"

அவள் எழுந்தாள். "சார், பிரிவு பதினெட்டு. ஏழாவது வார்டு மெம்பர்..."

தோளில் ஒரு கை விழுந்தது. டீச்சர் அவளை அழுத்தி உட்கார வைத்தார்.

"பிரிவு இருபத்திரண்டு என்ன?" என்றார் காதருகே.

"டீச்சர், அவரோட மச்சான்தான்..."

"இருபத்திரண்டு என்ன?"

"பார்வையாளர் பேசக் கூடாது."

"தெரியுதுல்ல. மானத்தை வாங்காதே. இப்பதான் பேர் எடுத்திருக்கே."

"ஆட்சேபணை இல்லை. ஏகமனதாக நிறைவேறியது" என்றார் மன்றத் தலைவர். ஏழாம் வார்டு மெம்பர் அப்போதுதான் நிமிர்ந்தார். "டீ வரலையா இன்னும்?" என்றார்.

கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் பேருந்துக்குப் போனார்கள். செயலாளர் டீச்சரைக் கூப்பிட்டு, அந்தப் பெண் மட்டும் ஐந்து நிமிடம் இருக்கட்டும் என்றார்.

அவர் அறையில் அம்மா சுவர் ஓரமாக நின்றிருந்தாள். மேசையில் ஆறு கடிதங்கள். தட்டச்சு செய்து, முத்திரையும் வைத்து, தயாராக இருந்தன. ஆறாவதை எடுத்து ஏழிடம் நீட்டினார்.

"உங்கம்மாவுக்குப் படிக்க வராது. படிச்சுக் காட்டிட்டோம்னு ஒரு சாட்சி வேணும். நல்லாப் படிக்கிற பொண்ணு நீயே இருக்க. சத்தமாப் படி."

கடிதத்தின் தலையில் முந்தின நாள் தேதி இருந்தது. ஏழு அதைப் பார்த்தாள். பிறகு படித்தாள். கமா வந்த இடத்தில் நிறுத்தினாள். முற்றுப்புள்ளியில் மூச்சு விட்டாள்.

"மன்றத்தின் ஏகமனதான தீர்மானத்தின்படி, தாங்கள் தீர்மானம் நிறைவேறிய நாளின் மாலையுடன் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்."

"ஏகமனதுன்னா?" என்றாள் அம்மா.

"யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னு அர்த்தம்."

"நீகூடவா?"

"நான் வெளிய இருந்தேம்மா."

"ஆமா. எங்கூடத்தான் இருந்தே."

செயலாளர் மைப்பெட்டியைத் திறந்து நகர்த்தினார். அம்மா கட்டைவிரலை இடுப்புத் துணியில் துடைத்துவிட்டு வைத்தாள். ஈரத்தில் ரேகை பரவியது. இன்னொரு தரம் வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். அதன் கீழே சாட்சி என்று போட்டிருந்த கோட்டில் ஏழு தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

"மாலை வரைக்கும் டியூட்டி இருக்கு" என்றார் செயலாளர். "மேல கூடத்துல டீ கொட்டிக் கிடக்கு."