எவாஞ்சலின் சொன்ன சாட்சி

பென்சன் அம்மாவின் வெள்ளைப் புடவையை மறுபடியும் கழுத்துவரை இழுத்துவிட்டான். கட்டி வெளியே தெரியக் கூடாது. முந்தானையோ நழுவிக்கொண்டே இருந்தது. செத்த பிறகும் எவாஞ்சலின் யார் சொல்லையும் கேட்கிறவளாக இல்லை. கடைசியில் மாலையிலிருந்து சம்பங்கியைக் கொத்தாகப் பிய்த்து அந்த இடத்தை மூடினான்.

"நைனா, யாரு கேட்டாலும் ஹார்ட் அட்டாக். வாய் தவறி வேற எதுனா சொல்லி வெக்காத."

"ஆங்" என்றார் நேசகுமார்.

இது மகன் கட்டிய கதை அல்ல. அவளே சொல்லிவிட்டுப் போனது. போன வாரம், தண்ணீர்கூட இறங்காத தொண்டையோடு கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் சாட்சி பொய்யாப் போயிடக் கூடாதுங்க" என்றாள். அவரும் தலையாட்டித் தொலைத்தார். சாகப் போகிறவளிடம் வேறு என்னதான் செய்வது?

சாட்சி என்றால் ஊரறிந்த சாட்சி. போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஆராதனையில், சபை நிரம்பி வழிய, மைக்கைப் பிடித்துச் சொன்னாள். மார்பில் நெல்லிக்காய் அளவு புற்றுநோய்க் கட்டியாம். சென்னையில் ஊசி போட்டதில் முடி கொட்டியதுதான் மிச்சமாம். பிறகு மகன் வாங்கி வந்த காளான் பொடியையும் சீந்தில் கஷாயத்தையும் ஜெபித்துக் குடித்தாளாம். கர்த்தர் உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி எழும்பிக் கட்டியைக் கரைத்துவிட்டதாம். சபையே அல்லேலூயா என்றது.

கட்டி சுருங்கியது மெய்தான். ஆனால் பொடி வீட்டுக்கு வருமுன்பே, ஊசியிலேயே சுருங்கத் தொடங்கியிருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா சொன்னதை நேசகுமார் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். பொடியைப் பற்றியும் நேசகுமார்தான் கேட்டார். "காளான்ல இருக்கிற சத்தை வச்சு ஆராய்ச்சி நடக்குதுங்க. நாளைக்கு நல்லது வந்தா நானே எழுதித் தருவேன். அதை நம்பி ஊசியை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா. எவாஞ்சலின் நிறுத்தினாள். சில மாதங்களில் கட்டி கழுத்துக்கு ஏறியது. முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தாள்.

அவள் பிடிவாதம் அவளோடு போயிருந்தால் நேசகுமார் வாயை மூடிக்கொண்டு புதைத்திருப்பார். ஆனால் மணவூர் ஆனியும் ஊசியை நிறுத்திவிட்டாள். அதே நோய், அதே ஆஸ்பத்திரி. சாட்சியைக் கேட்ட மறுவாரமே பொடிக்காக இந்த வாசலில் வந்து நின்றவள்.

அந்த ஆனி இப்போது பெட்டியின் மேல் விழுந்து அழுதாள். "அக்கா, நேத்துகூட உன் பேரைச் சொல்லித்தானே பொடி கலக்கிக் குடிச்சேன்!" அழுது ஓய்ந்ததும் நேசகுமாரிடம் வந்தாள்.

"ஹார்ட்டாண்ணா?"

பென்சன் முந்திக்கொண்டு, "ஆமாங்க்கா, திடீர்னு" என்றான்.

"அந்த நோயில போவலையே. கர்த்தர் அந்த மட்டும் காப்பாத்தினாரு" என்றாள் ஆனி. அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்கப் பொறுக்காமல் நேசகுமார் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிருத்திகைக் கூட்டம் மலையடிவாரச் சாலையை அடைத்திருந்தது. காவடிக்காரர்கள் ஒதுங்கி, சவ வண்டிக்கு வழிவிட்டார்கள். வழி நெடுக நேசகுமார் மனைவியோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். அவளிடம் அவர் ஜெயித்ததே கிடையாது.

கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடித்த பாஸ்டர், "குடும்பத்தார் யாராவது நன்றி சொல்லலாம்" என்றார். முன்னே வந்த பென்சனைக் கையால் தடுத்துவிட்டு நேசகுமார் நின்றார்.

"எல்லாரும் வந்தீங்க, சந்தோஷங்க. எவாஞ்சலின் ஹார்ட்டுல சாவல. கேன்சர்லதான் செத்துச்சு. கட்டி ஊசியிலதான் சுருங்குச்சு. ஊசியை நிறுத்தினதும் கழுத்துக்கு வந்துடுச்சு. பொடி அதைக் காப்பாத்தலைங்க. யாருனா அது சொன்ன சாட்சியைக் கேட்டு ஊசியை நிறுத்திட்டிருந்தா நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நைனா, இன்னா பேசிக்கினு இருக்கற? அம்மா பேரைக் கெடுக்கறியா?"

"ஆங். கெடுக்கறேன்" என்றார். அவளை அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

பாஸ்டர் பாட்டைத் தொடங்கினார். பாதிப்பேர் சேர்ந்து பாடவில்லை. பெட்டி இறங்கியது. ஆண்கள் மண் போட்டுவிட்டு விலக, பெண்கள் வந்தார்கள். ஆனி குழியோரம் குனிந்து இடது கையால் மண்ணை அள்ளினாள்.

"இன்னாம்மா இது, சோத்தாங்கையால போடு" என்று ஒரு பெரியவர் அதட்டினார்.

"தூக்க முடியலைங்க" என்றாள் ஆனி. "ஒரு மாசமாவே."

அக்குளில் கட்டி புடைத்து, அவளுடைய வலது கை உரல்போல வீங்கித் தொங்கியது. அது நுழைவதற்காக ரவிக்கைக் கையின் தையலைப் பிரித்துவிட்டு ஊக்குப் போட்டிருந்தாள். அவள் நேசகுமாரைப் பார்க்கவில்லை. மறுபடியும் குனிந்து, இடது கையாலேயே இன்னொரு பிடி அள்ளினாள்.